மூக்கு நுழைந்த வழக்கு

ஒன்பது புகைப்படங்களிலும் பிரேக் அக்காவின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

முதல் படத்தில் வாயைப் பிளந்திருந்தாள். மூன்றாவதில் கண்ணை இறுக மூடியிருந்தாள். ஆறாவதில் இரண்டு கையாலும் டேஷ்போர்டைக் கட்டிப்பிடித்திருந்தாள். ஒன்பதாவதில் சிரித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் கைவிட்டுப் போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

ஓட்டியவரின் முகத்தை மட்டும் ஒரு சாம்பல் நிறக் கட்டம் மறைத்திருந்தது. ஓட்டுபவரின் முகம் அந்தரங்கமாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் மானம் உண்டு என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

நெரிசல் கட்டண அலுவலகத்தில், ஆட்சேபனை கவுண்டர் முன்னால் அவள் நின்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் கழுத்தைக் கொக்காக நீட்டிப் படம் பார்த்தார்கள். ஆறாவது படத்துக்கு யாரோ விசிலடித்தார்கள்.

அவள் கார் ஓட்டப் பழக்குகிறவள். பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் வந்த பெயர். கார் ஒன்று, ஆசிரியை ஒருத்தி, பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு மாணவருக்குப் பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்திக் கிளப்பச் சொல்லிக்கொடுத்தாள். ஏற்றத்தின் நடுவில்தான் கட்டணக் கோடு; நெரிசலைக் குறைக்க, அதைத் தாண்டி ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் வண்டிக்குக் கட்டணம்.

கார் கோட்டை எட்டிப் பார்த்தது. இன்ஜின் ஆஃப் ஆனது. பின்னால் உருண்டது. அக்கா பிரேக்கை மிதித்தாள். மறுபடி முன்னே, மறுபடி பின்னே. கடைசியில் இடம் மாறி உட்கார்ந்து அவளே வண்டியைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் கேமரா ஒன்பது தடவை கண் சிமிட்டியிருந்தது. ஒன்பது நுழைவு, ஒன்பது கட்டணம். ஒரு மாத உழைப்பு அப்படியே போய்விடும்.

அவளுக்கு முன்னால் நின்றவர் ரொட்டி வண்டிக்காரர். முன்சக்கரம் கோட்டைத் தொட்டதுமே சுதாரித்துத் திரும்பிவிட்டாராம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த அதிகாரி ஒரே வாக்கியத்தில் அவரை அனுப்பிவிட்டார்.

"மூக்கு நுழைஞ்சா முழு வண்டியும் நுழைஞ்ச மாதிரிதான்."

பெரிய கார்க்காரர்களுக்கு இந்தக் கட்டணம் கொசுக்கடி. ரொட்டிக்காரருக்குப் பாம்புக்கடி. ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து மனுவை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அதிகாரி ஒன்பது படங்களையும் அவசரமாக அள்ளிக் கவிழ்த்தார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு படிவத்தைக் கண்ணாடி இடுக்கு வழியாக நகர்த்தினார்.

"ஓட்டினது யாருன்னு எழுதிக் கொடுத்துட்டா... கட்டணம் அவங்க பேருக்குப் போயிடும்."

கேட்டே ஆக வேண்டிய கேள்வி. பாதிக் குரலில்தான் கேட்டார்.

அக்கா பேனாவைத் திறந்தாள். வரிசையே எட்டிப் பார்த்தது.

பேனாவை மூடினாள்.

"எங்கிட்ட பழகுறவங்க பேரை நான் வெளியில சொல்றதில்லைங்க."

அதிகாரி விதிப் புத்தகத்தை இழுத்து, பரீட்சைக்கு முந்தின நாள் மாணவனைப் போலப் புரட்டினார். ‘வாகனம் கோட்டைக் கடந்தால்’ என்றுதான் எழுதியிருந்தது. வாகனத்தின் மூக்கு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை எழுந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி வாசித்தார். ஒன்பது தாளிலும் ரத்து முத்திரையைக் குத்தினார்.

அக்கா நகரவில்லை. ரொட்டிக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள். அந்த மனுவை வாங்கிப் பிரித்து, உள்ளங்கையால் நீவி, இடுக்கு வழியாகத் தள்ளினாள்.

"இவருக்கும் வெறும் மூக்குதான் சார்."

பத்தாவது முத்திரையும் விழுந்தது. வரிசை கைதட்டியது. இப்படி ஒரு நல்ல மனுஷனை அரசாங்க ஆபீஸில் பார்த்ததே இல்லை என்றார் ஒருவர். அதிகாரிக்குக் காது சிவந்தது.

அக்கா குனிந்து, கண்ணாடித் துளை பக்கம் வாயைக் கொண்டுபோய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அஞ்சரைக்கு கிளாஸ், மறந்துடாதீங்க சார். ரிவர்ஸ் சொல்லித் தர வேண்டியதில்ல. அது உங்களுக்கு நல்லாவே வருது."