பேருக்கான விலை

செய்யாத திருட்டைச் சொல்லி ஜெசிந்தாவை வேலையைவிட்டு விரட்டியவர் தனபாலன். எட்டு வருஷம் கழித்து அவருடைய பிஸ்கட் கம்பெனி விலைக்கு வந்தபோது, வாங்குகிறவர்களின் நிதி அதிகாரியாக அவளே வந்தாள். கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாவற்றுக்கும் அவர் கேட்டதையே எழுதினாள். குட்வில், அதாவது கம்பெனியின் பேருக்கான விலை, அந்த வரியில் மட்டும் பூஜ்யம் போட்டாள்.

“எங்கப்பா பேரும்மா அது. அதுக்கு ஒண்ணுமே இல்லையா?”

“எங்களுக்கு வேண்டாம் சார். நீங்களே வச்சுக்கங்க.”

வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஜெசிந்தா வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தாள். பலகை நீளமென்று ஆட்டோக்காரர் ஏற்ற மறுத்தார். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வெயிலில் நடந்துபோவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.