ஒருத்தருக்கும் மாத்த ஏலாது

கணினியைத் திறந்ததும் கீர்த்திகா தன் முகத்தையே பார்த்தாள்.

கம்பனியின் நீலச் சின்னம் இருக்கவேண்டிய திரை முழுவதும் அவள். பச்சைச் சேலை, தலை நிறையப் பூ, தோளில் வளையல் போட்ட யாருடையதோ கை.

பக்கத்து மேசைக் கணினியிலும் அவள்தான். காசாளரின் மேசையில், கட்டில் வாங்க வந்த தம்பதிக்கு நேரே, இன்னும் பெரிதாக அவள்.

“பிள்ளை, உது நீரெல்லோ?” என்று கேட்டார் பக்கத்து மேசைச் செல்வநாயகி அக்கா.

ஓம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இல்லை என்று சொல்லவும் வழியில்லை.

அந்தத் தளபாடக் கம்பனிக்கு மானிப்பாயில் மட்டுமா கிளை? நெல்லியடியிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கேயும் அதே படமாம். சாவகச்சேரியில் யாரோ புது விளம்பரமா என்று விசாரித்தாராம்.

மவுசின் வலப்பக்கத்தை அழுத்திப் பார்த்தாள். பின்னணியை மாற்றும் வரி எப்போதும்போல மங்கிப்போய்க் கிடந்தது. எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. அது கோகுலனின் வேலை.

கோகுலன் நல்லூர்த் தலைமை அலுவலகத்தில் இருந்துகொண்டு எல்லாக் கிளைக் கணினிகளையும் பூட்டி வைத்திருப்பவன். ஆளை இவள் கண்டதில்லை. குரலோடு மட்டும்தான் சண்டை. தன் பூனையின் படத்தைப் போடவிடும்படி எத்தனை தடவை கேட்டிருப்பாள்!

“ஒருத்தருக்கும் மாத்த ஏலாது, மிஸ்,” என்பான், ஏதோ மூலஸ்தானத்துக்குள் போக விடச்சொல்லிக் கேட்டதுபோல.

இப்போது பூனை கேட்டவளையே தூக்கி எல்லாக் கிளையிலும் மாட்டிவிட்டான். நக்கல்தான், வேறென்ன? அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

ஆனாலும் ஒன்று பிடிபடவில்லை. இந்தப் படத்தை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. முகநூலில்கூடப் போட்டதில்லை.

முகாமையாளர் குகதாசன் தன் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “முறைப்பாடு ஒண்டு குடும், பிள்ளை. இண்டைக்கே உவனை வீட்டை அனுப்பிவிடுவினம்.”

அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அவன் வேலை போய்விடும். சொல்வதற்கு முன் ஒருமுறை ஏசிவிட வேண்டும் என்றுதான் கோகுலனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“கம்பனிச் சின்னம் இருக்கிற இடத்திலை பிழையாச் சேமிச்சிட்டன், மிஸ். இப்பவே எடுத்துவிடுறன்.” என்றான் கோகுலன்.

“என்ரை படம் உங்களிட்டை எப்பிடி வந்தது?”

“அதை நீங்கள் உங்கடை அம்மாட்டைத்தான் கேக்கோணும்.”

அம்மாவா? அம்மாவுக்கு இவள் எந்த மேசையில் இருக்கிறாள் என்பதே தெரியாதே. சண்டிலிப்பாயில் வீட்டுக்கு எடுத்தாள்.

அம்மா முதலில் மழுப்பினார். பிறகு மெல்ல வெளியே வந்தது. மச்சாளின் கலியாணத்தில் எடுத்த படமாம். பக்கத்தில் நின்ற சித்தியை வெட்டிவிட்டுத் தரகரிடம் கொடுத்தாராம். சித்தியின் கையைத்தான் வெட்ட முடியவில்லையாம்.

“நல்லூர்ப் பெடியன், மகள். உங்கடை கம்பனியிலைதானாம், கொம்பியூட்டர் வேலை. சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு. அவையின்ரை பதில் வந்தாப் பிறகு உனக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

கீர்த்திகா பெயரைக் கேட்கவில்லை.

குகதாசன் இன்னும் மேசையருகில் நின்றார்.

“கை தவறின வேலையாம், சேர். முறைப்பாடு வேண்டாம்.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. சற்றுமுன் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். காணவில்லை.

சொன்னபடியே படம் போனது. எல்லாத் திரைகளிலும் நீலச் சின்னம் வந்து உட்கார்ந்தது.

பழக்கதோஷத்தில் மவுசின் வலப்பக்கத்தை அழுத்தினாள். மங்கிக் கிடந்த வரி கறுப்பாகத் தெளிந்திருந்தது.

செல்வநாயகி அக்காவின் கணினியில் அழுத்திப் பார்த்தாள். அங்கே மங்கல்தான். காசாளருடையதிலும் அப்படியே. அவளுடையது மட்டும் திறந்திருந்தது.

திரும்பி வந்து பூனையின் படத்தைப் போட்டாள். கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்கு எடுத்தாள்.

“அம்மா, அவையின்ரை பதில் வந்திட்டுது.”

“எங்கையடி வந்தது? எனக்கு ஒண்டும் வரேல்லையே!”