ஒரே ஒரு போஸ்ட்

"கேண்டிடேட் நம்பர் பதினேழு!"

செல்லப்பாண்டி எழுந்து நின்றான். தேய்த்த சட்டையில் நம்பர் எழுதிய அட்டையைக் குத்திவிட்டார்கள். கூலிக்குப் போன எந்தத் தோட்டத்திலும் அவனை இப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

ஓடைப்பட்டியில் அந்தத் திராட்சைத் தோட்டத்தை இப்போது முதலாளி மகன் இனியன்தான் பார்க்கிறான். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவன். பந்தலுக்கடியில் ஷூ காலோடு நின்று பேசினான்.

"ஒரே ஒரு போஸ்ட். பெர்மனென்ட், மாசச் சம்பளம். ஆளுக்கு ஒரு வரிசை கொடியைக் கழிச்சுக் கவாத்து வெட்டணும். வேகத்தையும் பாப்போம், சுத்தத்தையும் பாப்போம். இது டெஸ்டு, அதனால கூலி கிடையாது."

"பரீட்சைக்கு யாருங்க கூலி கேப்பாக?" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

செல்லப்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போன ஜீப் மலை வளைவில் கவிழ்ந்து, அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. "மலைக்குப் போனது போதும்யா. கீழயே நிலையா ஒரு வேலையப் பிடி" என்று கைக்கட்டோடு வாசல்வரை வந்து அனுப்பியிருந்தாள்.

வந்திருந்தவர்கள் எல்லோரும் அவனைப்போல வெளியூர்க்காரர்கள். உள்ளூர் ஆள் ஒருத்தரையும் காணோம். அந்த மட்டுக்குப் போட்டி குறைந்தது என்று நினைத்துக்கொண்டான்.

அவரவர் கத்திரியை அவரவர் கொண்டு வந்திருந்தார்கள். அடுத்த வரிசை அம்மாவாசி மட்டும் வெறுங்கையோடு வந்தார். மோட்டார் ரூம் தகரத்துக்கடியில் கையை விட்டு ஒரு கத்திரியை உருவிக்கொண்டார்.

விசில் அடித்ததும் மனுசன் பறந்தார்.

"என்ன பதினேழு, கொடிக்குச் சவரமா பண்ணுற? இந்தப் போக்குல போனா வேலை எனக்குத்தான்!"

"முடிக்கும்போது பேசுவோம்ணே."

"முடிச்சு நான் வீட்டுக்கே போயிருவேன். நீ யாருகிட்டப் பேசுவ?"

அவரை விடக்கூடாதென்று செல்லப்பாண்டி விரட்டினான். அவனை விடக்கூடாதென்று மற்றவர்கள் விரட்டினார்கள். கஞ்சி குடிக்கக்கூட யாரும் உட்காரவில்லை. மூன்று நாள் வேலை அது. பொழுது சாயுமுன் பந்தல் முழுக்க மொட்டையாகி வானம் தெரிந்தது.

அம்மாவாசி முதலில் முடித்தார். செல்லப்பாண்டி இரண்டாவது. கத்திரி பிடித்த கை விரியாமல் அப்படியே நின்றான்.

"ரிசல்ட்டைச் சொல்லி அனுப்புறோம்" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு, இனியன் செல்லப்பாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நீங்க செலக்டட்."

இனி முத்துப்பேச்சி ஜீப்பில் ஏற வேண்டாம். ஆனால் அம்மாவாசி அங்கேயே நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"சார், அண்ணந்தான முதல்ல முடிச்சாக?"

"அவரைப் பத்திக் கவலைப்படாதீங்க. திங்கக்கிழமை காலையில வந்துருங்க. மருந்தடிக்க இன்டர்வியூ இருக்கு."

"அதான் வேலை கிடைச்சிருச்சே சார். எனக்கு எதுக்கு இன்னொரு இன்டர்வியூ?"

இனியன் சிரித்தான். அம்மாவாசி கத்திரியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே தகரத்துக்கடியில் செருகினார்.

"ரெண்டு வருசமா நான்தான் முன்னால ஓடிக்கிட்டிருந்தேன். இப்ப என் மூஞ்சி சுத்துப்பட்டு ஊருல எல்லாம் தெரிய ஆரம்பிச்சிருச்சு."

தன் சட்டையில் குத்தியிருந்த நம்பர் அட்டையைக் கழற்றி, செல்லப்பாண்டி கையில் வைத்தார்.

"இன்டர்வியூக்கு வர்றதுதான் தம்பி வேலையே."