திங்கட்கிழமைக் கலங்கல்

மீன்தொட்டி மறுபடியும் கலங்கிவிட்டது. எட்டடி நீளத் தொட்டி, முப்பது தங்கமீன்கள். ஒன்றின் வால்கூடக் கண்ணில் படவில்லை. தண்ணீர், பால் விட்ட தேத்தண்ணீர் போல இருந்தது.

தேவமலர் ரீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஆசிரியர் அறையில் தொட்டி வைத்தே ஆகவேண்டும் என்று அதிபர் வில்லியத்தோடு மல்லுக்கட்டியவளும் அவள்தான்.

அதுவும் லேசுப்பட்ட தொட்டியா? அடித்தண்ணீரை ஒரு சின்ன மோட்டர் இழுத்து, மேலேயுள்ள பெட்டிக்குள் விடும். பெட்டியில் தும்பு, மணல், சிரட்டைக் கரி. அத்தனைக்குள்ளும் புகுந்து வடிந்து, தண்ணீர் பளிங்காகத் தொட்டிக்குத் திரும்பும். வெள்ளிக்கிழமை பார்த்தால் மீனின் செதிலை எண்ணலாம். திங்கட்கிழமை பார்த்தால் மீன் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

சனி, ஞாயிறில் அறைப் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கும்? ஆய்வுகூட உதவியாள் கிறகோரியிடம். பிறகென்ன, ரீச்சரின் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

"கிறகோரியண்ணை, லீவு நாளிலை உந்தத் தொட்டிக்குள்ளை என்ன கழுவுறனீங்கள்?"

கிறகோரி வடிகட்டிப் பெட்டியைப் பார்த்தார். ரீச்சரைப் பார்த்தார். பிடரியைச் சொறிந்தார்.

"என்ரை கவலையீனம்தான் ரீச்சர். இனிப் பாத்துக்கொள்ளுறன்."

இப்படி அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது இது நாலாவது திங்கள். ரீச்சர் விடவில்லை, நேரே அதிபரிடம் போனாள். அடுத்த திங்களும் தண்ணீர் கலங்கினால் கிறகோரியைக் கடல் தாண்டி நெடுந்தீவுக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதுவேன் என்று அதிபர் சொல்லிவிட்டார். கிறகோரிக்கு வீடு, மனைவி, இரண்டு பசுமாடு எல்லாம் புத்தூரில். வள்ளத்தைக் கண்டாலே வாந்தி எடுக்கிற மனிதர். அதற்கும் "ஓம் சேர்" என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

வெள்ளி வந்தது. என்ன கோபம் இருந்தாலும் வெள்ளிக்கிழமை இடைவேளை ரீச்சருக்குக் கொண்டாட்டம். எழுபத்து நாலாம் ஆண்டு அது. கோதுமை மாவைக் கண்ணால் காண முடியாது. ஊரே பாணுக்கு வரிசையில் நிற்க, ரீச்சர் மட்டும் அசரவில்லை. காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில், பனங்கட்டி போட்டு, வெள்ளிக்கு வெள்ளி கேக் செய்தாள்! ஒவ்வொரு துண்டின் நெற்றியிலும் அழகுக்கு ஒரு கராம்பு.

மொத்தம் இருபது துண்டு. அதிபரும் ஆசிரியர்களுமாகப் பதினெட்டுப் பேர், கிறகோரி, அவள். அதிபர் கையில் வாங்கும்போதே கொழும்பில்கூட இப்படிக் கிடையாது என்றார். மற்றவர்கள் அதையும் தாண்டிப் புகழ்ந்தார்கள். ரீச்சர் காற்றில் மிதந்துகொண்டு தன் துண்டை வாயில் போட்டாள். ஒடியல் கூழிலேயே வளர்ந்தவள், அவளுக்கு அமிர்தமாகத்தான் இருந்தது. மணி அடித்ததும் முதல் ஆளாக வகுப்புக்கு ஓடிவிட்டாள்.

பின்னேரம் கிறகோரியிடமிருந்து திறப்பைப் பறித்துக்கொண்டாள். மூன்று இரவும் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் தூங்கினாள்.

திங்கள் காலை தன் கையாலேயே கதவைத் திறந்தாள். தண்ணீர் ஒரே கலங்கல்.

அப்படியென்றால் கிறகோரி இல்லை. வேறு யார்?

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கதிரையில் ஏறினாள். வடிகட்டிப் பெட்டியைத் திங்கள்தோறும் கழுவுவது கிறகோரியின் வேலை. அவள் அதுவரை திறந்து பார்த்ததே இல்லை. மூடியைத் தூக்கினாள். தும்பின் மேல் கபில நிறத்தில் களி. முகர்ந்தாள். ஒடியல்.

களிக்குள் விரலை விட்டுத் துழாவினாள். கராம்பு வந்தது. இன்னொன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. பதினெட்டு.

காது மடல் சுட்டது. முதலில் அழுகை முட்டியது. தங்கள் கேக்கைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டு, வெறும் வாயை மென்று காட்டிய பதினெட்டு முகங்களும் மனதில் வரிசையாக வந்தன. கதிரையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள்.

சட்டென்று கடிதம் ஞாபகம் வந்தது. குதித்து இறங்கி ஓடினாள். அதிபர் கையெழுத்து வைக்கப் பேனையைத் திறந்திருந்தார். பிழை கிறகோரியில் இல்லை, தன் கேக்கில் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அதிபர் கடிதத்தை நாலாய்க் கிழித்தார். அதற்குப் பிறகு அவருக்கு மேசை லாச்சியை இழுத்து அவசரமாக எதையோ தேட வேண்டியிருந்தது. அவள் போகும்வரை தலை நிமிரவே இல்லை.

திரும்பி வந்தபோது கிறகோரி வாளியோடு வடிகட்டியைக் கழுவ நின்றார்.

"அண்ணை, உங்களுக்கு முந்தியே தெரியும், என்ன?"

"ஓம் ரீச்சர்."

"நெடுந்தீவுக்கு அனுப்பப் பாத்தன். அப்பவும் ஏன் வாய் திறக்கேல்லை?"

"வெள்ளிக்கிழமையிலை உங்கடை முகத்தைப் பாக்கவேணும் ரீச்சர். பதினெட்டுப் பேர் சேர்ந்து காப்பாத்துற சந்தோசத்தை நான் ஒருத்தன் கெடுக்கிறதோ?"

ரீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பதினெட்டுக் கராம்புதான் கிடந்தது. உங்கடை துண்டை நீங்கள் சாப்பிட்டனீங்கள். உங்களுக்காவது பிடிச்சிருந்ததோ?"

கிறகோரி வாளியைக் கீழே வைத்தார்.

"இல்லை ரீச்சர். தொட்டிக்குள்ளை ஒரு துண்டெண்டாலும் குறையட்டும் எண்டுதான்."