ஐந்தரை சென்டிமீட்டர்

"சார், மைலோ டின் இருபத்திரண்டு சென்டிமீட்டர்!"

"சரி. விட்டம் எவ்வளவு?"

"ஏழு, சார்."

ரூபேந்திரன் தலையாட்டினான், கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. மலேசியாவில், செனாய்ப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அவன் கணித ஆசிரியர். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அன்று நடத்த வேண்டியது விழுக்காடு. அதை ஓரங்கட்டிவிட்டு, ஆளுக்கொரு நூலைக் கொடுத்து, வட்டமானவற்றின் சுற்றளவை அளந்து வரச் சொல்லிப் பள்ளி முழுக்க விரட்டிவிட்டிருந்தான்.

பட்டியலில் டின், வாளி, கொடிக்கம்பம் எல்லாம் இருந்தன. கடைசியாக ஒன்று: வசந்தினி டீச்சரின் மோதிர விரல்.

மூன்று வருடமாக ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்தும், "டீச்சர், அந்த ஸ்டேப்ளர் கொஞ்சம்" என்பதைத் தாண்டி அவளிடம் அவனுக்குப் பேச்சு வந்ததில்லை. இந்த ஞாயிறு சிங்கப்பூரிலிருந்து யாரோ அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அதற்கு முன்பே, சனிக்கிழமை மோதிரத்தோடு போய் அவள் அப்பாவிடம் கேட்டுவிடுவது என்று வீராப்பாக முடிவெடுத்திருந்தான். ஜொகூர் பாரு நகைக்கடைக்காரர் "விரல் அளவு என்ன?" என்று கேட்டதும் அந்த வீராப்பு பாதியாக வற்றிவிட்டது.

இந்த யோசனைகூட அவனுடைய சொந்தச் சரக்கு இல்லை. போன வாரம் வசந்தினியின் வகுப்பு வாண்டுகள் நூலும் ஸ்கேலுமாகக் கிளம்பி, தூண், தண்ணீர்ப் போத்தல், மேசைமேல் இருந்த அவன் கைவிரல், காவலாளியின் தொப்பி என்று கண்டதையும் அளந்து திரிந்தார்கள். அதைப் பார்த்துத் திருடியதுதான்.

டீச்சர் விரலை அளக்கப் போன கவினிஷா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் நூல்.

"டீச்சர் கைய நீட்டினாங்களா?"

"நீட்டினாங்க சார். ஆனா, விரல் என்ன வட்டமாவா இருக்குன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சார்தான் வட்டம்னு சொன்னாரு, எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தான்.

"சுத்தளவு அஞ்சரை சென்டி. விட்டம் ஒன்னே முக்கா. சரியா சார்?"

சரிபார்க்கும் நிலையில் அவன் இல்லை. விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போனால் வேலைக்கே உலை. அதைவிட மோசம், இனி ஸ்டேப்ளர்கூடக் கிடைக்காது.

"கோவமா இருந்தாங்களா?"

"தெரியல சார். அப்புறம் உங்ககிட்ட ஒன்னு சொல்லச் சொன்னாங்க."

"சொல்லு லா!"

வகுப்பே காதைத் தீட்டிக்கொண்டது. கவினிஷா நிதானமாக நூலைச் சுருட்டி அவன் மேசையில் வைத்தாள்.

"உங்களுக்குப் போன வாரமே மோதிரம் செஞ்சாச்சாம் சார்."