மூன்றாவது நடவு

பாத்தியோரம் யாரோ குனிந்திருந்தார்கள்.

பால் வாங்கச் செம்போடு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விடிந்தும் விடியாத நேரம்.

பூமயில்.

கணவனின் அண்ணன் மனைவி. சொத்தைப் பிரித்து நடுவே இடுப்பளவு சுவர் வைத்ததிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. எதிரே பார்த்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிற மனுஷி.

கையில் ஒரு பழைய சட்டி. அதிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக எடுத்துக் கத்தரிக் கன்றுகளின் மேல் தூவிக்கொண்டிருந்தாள்.

சாம்பல்.

பார்த்து நின்றவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

களர் மண், ஒன்றும் வராது என்று ஊரே சொன்னது. அவள் கேட்கவில்லை. ஹாலோ பிளாக் அடுக்கி மேட்டுப்பாத்தி கட்டினாள். மக்கிய சாணியும் சருகும் கொட்டினாள். மண் பரிசோதனைக்காரர் சொன்னபடி ஜிப்சம் போட்டாள்.

இரண்டு தடவை நட்டாள். இரண்டு தடவையும் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளடித்துச் செத்தது.

இது மூன்றாவது. இதிலும் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. இதுவும் போனால் சிமென்ட் பூசி வண்டி நிறுத்திக்கொள்ளப்போவதாகக் கணவன் சொல்லிவிட்டான். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது இந்த எட்டடிப் பாத்தி ஒன்றுதான்.

"சாம்பலும் சுண்ணாம்பும் கிட்டயே வரக்கூடாதும்மா. இந்த மண்ணுல ஏற்கெனவே காரம் ஜாஸ்தி" என்று பரிசோதனைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

காலையில் இலைமேல் படிந்து கிடந்த தூளை ரோட்டுப் புழுதி என்றே அவள் நினைத்திருந்தாள். தினமும் தண்ணீர் தெளித்துக் கழுவி, அவளே அதை மண்ணில் இறக்கிவிட்டிருக்கிறாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

பூமயில் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஐம்பது வயதுப் பொம்பளை, சட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நீ மொதமொத நட்டதுல இருந்து."

கன்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பூச்சி விழுந்துறக் கூடாதேன்னுதான். போன தடவ செடி பட்டுப்போனப்ப நீ இங்கனயே உக்காந்து அழுதியே, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க வெந்நி அடுப்புச் சாம்பல்தான். கல்லு, கரி இல்லாமச் சலிச்சுத்தான் போட்டேன்."

சலித்து.

தினமும் இருட்டோடு எழுந்து, சாம்பலைச் சலித்து, மூட்டுவலிக் காலோடு சுவர் தாண்டி வந்திருக்கிறாள்.

நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள்.

செம்பைக் கீழே வைத்தாள். பாத்தி ஓரம் உட்கார்ந்தாள். கடைசிக் கன்றில் ஒரு கொழுந்து மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது. அதன் மேலிருந்த சாம்பலை மெல்ல ஊதிவிட்டாள்.

பூமயில் சுவரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"அக்கா."

இரண்டு வருஷம் கழித்து அந்தச் சொல் வாயில் வர, அவளுக்கே கண் கலங்கியது.

"நாளைக்கும் வாங்க. வெறுங்கையோட வாங்க."