தொண்ணூறு ஆடு

இடிந்த கோட்டையின் வாசலில் ஒரு சாமிக்கல் இருந்தது. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கற்கள் குவிந்திருந்தன. வரலாற்றாசிரியர் ஆளவந்தார் காரை நிறுத்தச் சொன்னார். இருபத்திரண்டு பதிப்பு கண்ட அவருடைய புத்தகத்தில், காவலன் செங்கணான் எதிரிக்குத் திறந்துவிட்ட வாசல் இதுதான். படித்துவிட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு பெண் அந்தக் கற்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஏம்மா அள்றீங்க?”

“செங்கணான் எங்க குலசாமி சார். துரோகி வம்சம்னு எம்பொண்ணைக் கேட்டு யாரும் வர்றதில்ல.”

நிமிர்ந்தவளுக்கு, புத்தக அட்டையில் பார்த்த முகம் அது என்று தெரிந்துவிட்டது. கூடையைக் கீழே வைத்தாள்.

“அவரு நல்லதா எதுவுமே பண்ணலையா சார்?”

வாசலைத் திறந்தது யார் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. கதைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பக்கத்துக் கோயில் கல்வெட்டிலிருந்து செங்கணான் என்ற பெயரை ஆளவந்தார்தான் எடுத்துக்கொண்டார்.

“கோயில் விளக்கு அணையாம எரியணும்னு, நெய்க்காகத் தொண்ணூறு ஆடு குடுத்திருக்கார்மா,” என்றார். “அவரைப் பத்தி நெஜமாத் தெரிஞ்சது அது மட்டும்தான்.”

அவள் சாமிக்கல்லின் அடியில் கிடந்த இன்னொரு கல்லை எடுத்துக் கூடையில் போட்டாள்.

“அதை எழுதியிருக்கலாமே சார்.”